கீல் எந்தப் பக்கம்?

புதிதாக மாட்டிய குளியலறைக் கதவைத் திறந்ததும் அது நேராகப் போய்ப் படுக்கையறைக் கதவை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்த கணவன் வெளியே வர முடியவில்லை.

“யாரு அங்க? வழிய விடுங்க!”

“புதுக் கதவுங்க. இப்பத்தான் மாட்டினோம்,” என்றாள் அவள்.

“கதவையா, என்னையா?”

தச்சர் குளியலறைக் கதவைச் சாத்தி அவனை விடுவித்தார். வெளியே வந்தவன் கீலைப் பார்த்தான். அது வலப்பக்கம் இருந்தது. பிறகு மனைவியைப் பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கம்தான்.

“கடையில என்ன சொன்ன? இடக்கையா, வலக்கையா?”

“இடக்கைதான். கதவு நம்மள நோக்கித் திறக்கிற பக்கம் நின்னு பாருங்க, கீல் இடப்பக்கம் இருந்தா இடக்கைக் கதவுன்னு கடைக்காரர் சொன்னாரு. அப்படி நின்னு பார்த்துத்தான் சொன்னேன்.”

“எது இடதுன்னு எப்படித் தெரிஞ்சுது?”

“வாட்ச் கட்டின கை.”

“அன்னைக்குக் கட்டியிருந்தியா?”

கட்டியிருந்தேனா? அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கண் மருத்துவமனையில் நாளெல்லாம் ‘இடது கண்ணை மூடுங்க, வலது கண்ணை மூடுங்க’ என்று சொல்லிப் பிழைப்பவள் அவள். ஒவ்வொரு முறையும் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள். அவசரப்படுத்துகிறாள் என்று நினைத்து நோயாளிகள் மளமளவென்று எழுத்துகளைப் படித்துவிடுவார்கள். வீட்டில் அந்தச் சாமர்த்தியம் செல்லாது. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வழி சொல்லி, கல்யாண மண்டபத்துக்குப் பதில் மாட்டாஸ்பத்திரியில் கொண்டுபோய் நிறுத்தியது குடும்பச் சொத்தாகிவிட்டது. எதிர்வீடு இந்த வீட்டைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம்வலம் மாறியிருக்கும். அங்கே தண்ணீர் குடிக்கப் போய்ப் படுக்கையறைக்குள் நுழைந்த கதையும் உண்டு. எல்லோரோடும் சேர்ந்து சிரிக்கப் பழகியிருந்தாள். ஆனால் ஒவ்வொரு சிரிப்புக்குப் பிறகும் உள்ளே ஏதோ ஒன்று கொஞ்சம் சுருங்கும்.

இன்றைக்குச் சிரிக்கவும் முடியவில்லை. முழங்கால் அறுவை முடிந்து மதியம் மாமியார் வருகிறார், வாக்கரோடு. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், வழியையும் மறிக்கக் கூடாது. அதை யோசித்து, ஓடியாடி ஏற்பாடு செய்ததே அவள்தான்.

எதிர்வீட்டு அக்கா சொல்லிவிட்ட கடை அது. கடைக்குப் போன் போட்டாள். வேறு யாருடனோ பேசிக்கொண்டே இருந்தார்கள். எதிர்வீட்டிலிருந்து வேறு காலையிலிருந்து சுத்தியல் சத்தம்.

“விடுங்கம்மா. முன்பக்கத்தைப் பின்பக்கமாத் திருப்பிடுவோம்,” என்றார் தச்சர்.

திருப்பினார். கீல் இடப்பக்கம் வந்தது. அவள் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. திறந்து பார்த்தார்கள். கதவு உள்ளே போய்க் கழிப்பறைக் கோப்பையில் இடித்து, ஒரு பூனை நுழையும் அளவுக்கு வழி விட்டது.

“எங்கம்மாவ மடிச்சு அனுப்பணுமா?” என்றான் கணவன்.

தச்சர் தலையைச் சொறிந்தார். “ஒரே வழிதான் பாக்கி. தலைகீழா மாட்டணும்.”

மாட்டினார். கீல் இடப்பக்கம். கதவும் வெளிப்பக்கம் திறந்தது. எதையும் முட்டவில்லை. ஆனால் காற்றுப் போக இடைவெளி விட்டு, கீழே இருக்க வேண்டிய சாய்வுச் சட்டங்கள் முகத்துக்கு நேரே வந்து நின்றன.

கணவன் உள்ளே போய்ச் சாத்திக்கொண்டான். “தெரியுதா?”

“மூக்கு தெரியுது.”

“குனிஞ்சா?”

“வழுக்கை தெரியுதுங்க.”

தச்சர் சட்டென்று உளியைத் துடைக்க ஆரம்பித்தார்.

பழைய திரைச்சீலையை வெட்டி ஒட்டிவிடலாம் என்று அவள் கத்தரிக்கோலைத் தேடி எடுப்பதற்குள் வாசலில் வாக்கர் சத்தம் கேட்டது. மாமியாருக்குக் கார் பயணத்தில் அடக்கி வைத்திருந்த அவசரம். நேரே உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார். அவள் கத்தரிக்கோலோடு கதவுக்கு வெளியே நின்றாள்.

“ஏம்மா, ஓட்டையெல்லாம் மேல இருக்கே?”

“அத்தை, என் தப்புதான். நான்தான் பக்கத்த மாத்திச்…”

“நான் பேசறது கேக்குதா?”

“நல்லாக் கேக்குது அத்தை.”

“அப்ப இப்படியே இருக்கட்டும். ஆஸ்பத்திரியில கதவச் சாத்தினாலே எனக்குப் பயம். விழுந்து கிடந்தா யாருக்குக் கேக்கப் போகுதுன்னு நெனச்சு, பாதி நாள் போகாமலே இருந்துட்டேன்.”

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.

“இடது வலது தெரியாததுலயும் ஒரு நல்லது இருக்கு பாரு,” என்றான் கணவன். வழக்கம்போல அவளும் சிரித்தாள்.

அழைப்பு மணி அடித்தது. தலையெல்லாம் மரத்தூளோடு எதிர்வீட்டு அக்கா, கையில் போன்.

“காலையிலேர்ந்து விடாமச் சண்டை போட்டு இப்பத்தான் கடைக்காரன ஒத்துக்க வச்சேன்: நம்ம ரெண்டு வீட்டுக் கதவையும் மாத்தி அனுப்பிட்டானாம், நீ சரியாக் கேட்ட இடக்கைக் கதவு எங்க வீட்டுல தலைகீழாத் தொங்குதுடி!”