பலாப்பாலில் ஒட்டிய இரண்டு அட்டவணைகள்

கம்ப்யூட்டர் தெரியும் என்பவர்களில் பாதிப் பேர், தெரியும் என்று சொல்லி மாட்டிக்கொண்ட பிறகுதான் அதைக் கற்கத் தொடங்குகிறார்கள். நான் அந்தப் பாதியில் முதல் ஆள்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். கொல்லிமலையில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்கு வேலை. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஆனால் பெண்ணின் அப்பா ஒரே பிடியாக நின்றார். "மலையில குடித்தனம்னா எம்பொண்ண அனுப்ப மாட்டேனுங்க. கீழ மாறுதல் வாங்கிட்டு வாங்க, அப்புறம் முகூர்த்தம் பாக்கலாம்."

எங்கள் அதிகாரியிடம் கெஞ்சினேன். "மிளகு விளைச்சல் அறிக்கையைக் கம்ப்யூட்டர்ல ஒரே தாள்ல அழகா அடிச்சுக் குடு. மீட்டிங்ல உன் மனுவையும் சேர்த்து மேலதிகாரிகிட்ட குடுத்துடறேன்" என்றார்.

ஒரே தாள்! அங்கேதான் சனி பிடித்தது. மேல் அட்டவணையில் விவசாயி பெயர், ஊர், விலாசம். அகலமான பத்திகள் வேண்டும். கீழே மாதவாரி விளைச்சல். எல்லாம் ஒல்லிப் பத்திகள். மேலே 'வாழவந்தி நாடு' என்ற ஊர்ப்பெயர் முழுசாகத் தெரியட்டும் என்று பத்தியை இழுத்தால், கீழே ஜனவரி பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும், டிசம்பர் அடுத்த தாளுக்கு ஓடிவிடும். சரி என்று சுருக்கினால் விலாசம் பாதி காணாமல் போகும், எண்களெல்லாம் ##### என்று முள்வேலியாகிவிடும். (ஒரே பத்திக்கு மேலே ஓர் அகலம், கீழே ஓர் அகலம் வைக்க முடியாது என்பது எனக்கு உறைக்கவே ரொம்ப நேரமாயிற்று.) கட்டங்களை இணைத்தேன், பிரித்தேன், சாமியை வேண்டினேன். ம்ஹூம்!

மீட்டிங்குக்குக் கீழே இறங்க வாசலில் ஜீப் ஹாரன் அடித்தது. இரண்டையும் தனித்தனியாக அச்செடுத்து, வெட்டி, ஒரே தாளில் ஒட்டிவிடத் துணிந்தேன். கோந்து பாட்டில் கல்லாகக் காய்ந்திருந்தது.

"ஏனுங்க, இதுக்கா இந்தப் பாடு?" என்றார் உதவியாளர் ராசண்ணன். கொல்லைப் பக்கம் போய், ஒரு பிஞ்சுப் பலாவைக் கீறி, கொட்டாங்குச்சியில் பாலோடு வந்தார். "இதுல ஒட்டுனா சாமியே வந்தாலும் பிரிக்க முடியாதுங்க."

அந்த மனுஷன் உண்மையைத்தான் சொன்னார். என் மரமண்டைக்குத்தான் ஏறவில்லை. ஓரமெல்லாம் வழிய வழியப் பூசி ஒட்டி, கோப்பில் என் மாறுதல் மனுவுக்கு மேலேயே வைத்தேன்.

நானும் ஜீப்பில் பின்னால் ஏறிக்கொண்டேன். மலையடிவாரத்துக் காரவள்ளி வரை ஒவ்வொரு வளைவிலும் அதிகாரி அந்தக் கோப்பை இரண்டு கையாலும் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தார்.

மீட்டிங்கில் எங்கள் அதிகாரி மேலதிகாரி முன்னால் கோப்பைத் திறந்து அறிக்கையை எடுத்தார். கூடவே என் மனு வந்தது. அதன் பின்னாலேயே கோப்பு அட்டையும் வந்தது. பதறிப்போய் இழுத்தார். சர்ர்ர்! ஜனவரியோடு என் மனு பாதி போயிற்று. மீதி அவர் உள்ளங்கையில்.

"என்னய்யா இது?"

"பலாப்பாலுங்க" என்றேன். கூட்டமே சிரித்தது. மேலதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. "ஒரு தாளை ஒழுங்கா ஒட்டத் தெரியாதவனுக்கு மாறுதல் ஒரு கேடா? மலையிலேயே கிடக்கட்டும்."

போச்சு, கல்யாணம் போச்சு என்று உட்கார்ந்திருந்தேன். அந்த வாரமே பெண்ணிடமிருந்து போன். "எங்கப்பா கெடக்கறாருங்க. நான் வாரேன்." வந்தாள், வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டே.

போன வாரம் மகள் லேப்டாப்பில் அதே தொல்லையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அனுபவஸ்தன் அல்லவா, பக்கத்தில் போனேன். அதற்குள், "மேல இருக்கறத வேற ஷீட்ல செஞ்சு, படமா எடுத்து இங்க ஒட்டிட்டா முடிஞ்சுதுங்கப்பா" என்று முடித்தே விட்டாள். அடப்பாவி, இவ்வளவுதானா!

கையில் எண்ணெய் தடவிப் பலாப்பழம் அரிந்துகொண்டிருந்த மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஒட்டற வேலைன்னா உங்கப்பாவக் கிட்ட சேக்காத கண்ணு. அவரு ஒட்டுன லட்சணத்துலதான் நான் மலையேறுனேன்."