பின்சக்கரத்தடியில் ஒழுகிய ஸ்டியரிங் ஆயில்

வருகிற ஞாயிற்றுக்கிழமை உலகமே இடிந்து விழுந்தாலும் சோபாவை விட்டு எழுந்திருப்பதில்லை என்று வண்டிக்காரர் முடிவு கட்டியிருந்தார். பாவம், அவரைக் குறை சொல்ல முடியாது. மரச்சாமான் கடையின் கட்டிலையும் அலமாரியையும் தன் பிக்கப்பில் கொண்டுபோய், ஊரார் வீட்டு மாடியெல்லாம் ஏற்றி இறக்குவதுதான் வாரம் முழுக்க அவர் பிழைப்பு. லீவு நாளில் அவர் ஏறுவது ஹாலில் கிடக்கும் சோபாவில் மட்டும். ஏறினால் மத்தியானம் வரை இறங்கமாட்டார்.

அந்தச் சுகத்துக்குத்தான் வியாழக்கிழமை வேட்டு விழுந்தது. மனைவி தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே ஆரம்பித்தாள்.

"ஏங்க, தங்கச்சி ஞாயித்துக்கிழமை வீடு மாறுறாளாம்."

"மாறட்டுமே. நல்ல விஷயம்."

"புது வீடு நாலாவது மாடி."

"காத்து நல்லா வரும்."

"லிஃப்ட் இல்லையாம்."

வண்டிக்காரருக்கு முதுகு அங்கேயே பிடித்துக்கொண்டது. கொழுந்தியாள் வீட்டு இரும்பு பீரோ அவருடைய பரம விரோதி. போன தடவை வீடு மாறியபோது அது அவர் கால் கட்டைவிரலைப் பதம் பார்த்திருந்தது. முடியாது என்று நேராகச் சொல்லலாம்தான். சொல்லிவிட்டு அதே வீட்டில் குடித்தனம் நடத்த வேண்டுமே!

உட்கார்ந்து யோசித்தார். பஞ்சர் என்றால் உடனே ஒட்டச் சொல்வாள். பேட்டரி என்றால் தெருவையே கூட்டி வண்டியைத் தள்ளவைப்பாள். பவர் ஸ்டியரிங் ஆயில் ஒழுகுகிறது என்றால்? பேரைக் கேட்டாலே ஒரு பயம் வருகிறது. வண்டி சீட்டுக்கு அடியில் பழைய ஆயில் பாட்டில் ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் மனைவி குளிக்கப் போன நேரமாகப் பார்த்து, சிவப்பாக ஒரு கரண்டி ஆயிலை வண்டிக்கு அடியில் ஊற்றினார். வண்டியின் மூக்கு காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நின்றது. அந்தச் சந்தில் அவர் தொப்பை நுழையவில்லை. அதனால் கைக்கு எட்டிய பின்பக்கத்திலேயே ஊற்றிவிட்டு, ஐயோ என்று கத்தினார்.

மனைவி ஈரத்தலையோடு ஓடிவந்தாள். கட்டிவைத்திருந்த கதையை அவர் எடுத்துவிட்டார். ஆயில் போனால் ஸ்டியரிங் இறுகும், இடது பக்கம் திருப்பினால் வண்டி நேரே போகும், உன் தங்கச்சி வீட்டுச் சாமானெல்லாம் சுவரில்தான் போய் இறங்கும் என்று கண்ணில் தண்ணீர் வராத குறையாகச் சொன்னார்.

"ஸ்டியரிங் முன்னாடிதானே இருக்கு? ஒழுகல் பின்னாடி இருக்கே?"

"தரை சரிவு. ஓடிவந்துடுச்சு."

"எங்க ஒழுகுதுன்னு பாத்துடலாமே" என்று ஒரு பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்து முன்பக்கம் அடியில் தள்ளினாள். "இன்ஜினைப் போட்டு இப்படியும் அப்படியும் திருப்புங்க."

கை கழன்று போகுமளவுக்குத் திருப்பவைத்தாள். அட்டையில் ஒரு சொட்டு விழவில்லை.

"சூடாகணும்" என்றார் அவர்.

அவள் பானெட்டைத் திறந்தாள். "ஆயில் டப்பா கோடு வரைக்கும் நிறைஞ்சிருக்கே?"

"அது... உள்ளூர ஒழுகுது."

"ஓ" என்றாள். ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து பின்சக்கரத்தடியில் இருந்த ஆயிலின்மேல் ஊற்றினாள். தண்ணீர் சளசளவென்று முன்பக்கச் சுவரைப் பார்த்து ஓடியது. ஓடுவதை அவளும் பார்த்தாள். அவள் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"சரியாக எத்தனை நாளாகும்?"

"வாரக்கணக்குல ஆகும். குழாய் வெளியூர்லேருந்து வரணும்."

"அப்ப வண்டியைத் தொடவே தொடாதீங்க. எனக்கு உங்க உயிர்தாங்க முக்கியம்."

அப்பாடா! அவருக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. கட்டிய மனைவியை ஏமாற்றுகிறோமே என்று கொஞ்சம் உறுத்தியது. சாப்பாடு இறங்கியதும் அதுவும் சேர்ந்து இறங்கிவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம், கடையின் இன்னொரு வண்டியில் வேலையை முடித்துவிட்டு வந்தால், சோபா மெத்தைக்கு அவள் புது உறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு இதெல்லாம்?"

"உங்க சகலைக்குத்தான். இருக்கிற வீட்டை நாளைக்குக் காலி பண்ணியே ஆகணுமாம். சாமானை அங்கயே பக்கத்து ஷெட்டுல போட்டுட்டு, நம்ம வண்டி ஓடுற வரைக்கும் குடும்பத்தோட இங்கயே இருங்கன்னு சொல்லிட்டேன். அவர் இதுல படுத்துக்கட்டும்."

வண்டிக்காரருக்குக் கண் இருட்டியது. தங்கமான மனுஷன்தான் சகலை. ஆனால் விடியும்போதே ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, மூச்சு வாங்குகிற வரைக்கும் உரக்கச் சிரிப்பார். நுரையீரலுக்கு நல்லதாம். பக்கத்தில் படுத்திருப்பவரையும் எழுப்பிச் சிரிக்கச் சொல்வார்.

ஸ்பேனரோடு வெளியே பாய்ந்தார். வண்டியை டங் டங்கென்று நாலு தட்டுத் தட்டினார். அவள் போட்டுவைத்த டீ ஆறுவதற்குள் திரும்பிவிட்டார்.

"சரியாயிடுச்சு!"

"குழாய் வரணும்னீங்க?"

"குழாய் நல்லாத்தான் இருக்கு. கிளாம்ப் லூசு. ஒரே திருகு!"

"வேணாங்க, பயமா இருக்கு. உங்க உயிர்..."

"உயிர் கிடக்கு! விடியறதுக்கு முன்னாடி நான் அங்க நிக்கிறேன்."

"பீரோ?"

"நானே தூக்குறேன்."

"நாலு மாடிங்க..."

"அதுக்கு மேல மொட்டை மாடி இருந்தா அங்கயும் ஏத்துறேன்! முதல்ல போனைப் போடு. அவங்க பெட்டியைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிடப் போறாங்க!"

"போன் எதுக்கு? காலையில நீங்க வண்டியோட வருவீங்கன்னு வியாழக்கிழமையே அவகிட்ட சொல்லிட்டேனே."

"அப்ப இங்க வந்து தங்குறது?"

அவள் உறையின் ஓரத்தில் தொங்கிய நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

"உங்க வண்டியில ஒழுகுன ஆயில் மாதிரிதாங்க அதுவும்."