மனைவியின் இடுப்புக்கு வக்கீல்

வக்கீல்களில் சிவில், கிரிமினல் என்று இரண்டே வகை என்றா நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? மூன்றாவது வகை ஒன்று உண்டு: மனைவியின் இடுப்புக்கு வக்கீல். கறுப்புக் கோட்டு கிடையாது. கட்சிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கும் வழக்கமும் கிடையாது. மருத்துவமனைக்குள் நுழைந்ததும் நோயாளியின் நாற்காலியில் இவர் உட்கார்ந்துகொள்வார். நோயாளி கைக்குழந்தையோடு நின்றுகொண்டிருப்பாள்.

என் முழங்காலுக்கு ஒத்தடம் வைத்துப் படுத்திருந்தபோது, பக்கத்துக் கட்டிலுக்கு அப்படி ஒருவர் மனைவி, கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தார். திரை சரியாக மூடவில்லை. அது என் தப்பில்லை.

"எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டார் பிசியோதெரபி அம்மா.

"லேசாத்தான் மேடம். பிள்ளை பெத்தா எல்லாருக்கும் வர்றதுதானே" என்றார் வக்கீல்.

"ராத்திரி புரண்டு படுக்க முடியுதா?"

"நல்லா தூங்குறா."

குறட்டை விட்டுக்கொண்டே கவனித்திருப்பார் போலிருக்கிறது. எழுந்து போய் இரண்டு வார்த்தை கேட்கலாமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. முழங்கால் விடவில்லை.

குழந்தையைக் கட்டில் ஓரத்தில் கிடத்திவிட்டு ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் அந்தப் பெண் சுவரைப் பிடித்தாள். "சின்ன வயசுலேர்ந்தே அவளுக்கு பேலன்ஸ் கம்மி" என்றார் இவர். மல்லாந்து படுத்துக் காலை நீட்டியபடி தூக்கச் சொன்னால், கால் எழும்பாமல் முகம்தான் சுருங்கியது. "மனசு வைக்கணும் மேடம், மனசு" என்றார் இவர். பிசியோதெரபி அம்மா இடுப்பை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இப்ப தூக்கும்மா" என்றார். கால் எழும்பியது.

"பாத்தீங்களா? ஒண்ணுமில்ல."

"நான் பிடிச்சதாலதான் சார் தூக்குனாங்க. இடுப்பு மூட்டுல பிடிப்பு தளர்ந்துபோச்சு."

"இதெல்லாம் ஒரு டெஸ்டா?" என்றவர், செருப்பைக் கழற்றிவிட்டுக் காலியாக இருந்த கட்டிலில் ஏறிப் படுத்து, இரண்டு காலையும் மாறி மாறித் தூக்கிக் காட்டினார்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. இவருடைய முழங்காலை மடக்கித் தொடையை அழுத்திப் பார்த்தார், இடுப்பெலும்பை அமுக்கினார், ஒற்றைக் காலில் நிறுத்தினார்.

"வலிக்குதா சார்?"

"துளிகூட இல்ல மேடம்." அன்றைக்கு அவர் தெரிந்து சொன்ன முதல் பதில் அதுதான்.

"அருமையான இடுப்பு சார். இனிமே பிள்ளையைத் தூக்குறது, துணி வாளி, மாடிப்படி எல்லாம் இந்த இடுப்புக்குத்தான். அவங்களுக்கு பெல்ட்டும் பயிற்சியும் போதும்."

அப்போதுதான் அந்தப் பெண் வாய் திறந்தாள். "அப்ப நான் வேலைக்குப் பயந்து நடிக்கலைதானே மேடம்? வீட்டுல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"இல்லம்மா. நெஜமான வலிதான்."

அவள் அழுதுவிட்டாள். வக்கீல் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, போனில் தன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டே படியிறங்கினார்: "ஆமாம்மா, எங்களுக்கு இடுப்புல கொஞ்சம் பிரச்சினையாம்."

என்ன, சிரிக்கிறீர்களா? 'நம்ம வீட்டில் இந்தப் பேச்சே கிடையாது, வேண்டுமானால் அவளையே கேட்டுப் பாருங்கள்' என்கிறீர்களா?

கேட்கிறேன். நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள்.