அழித்த பிறகும் சாகாத சரக்குப் பட்டியல்

விதிமுறை தெரியாதவன் தவறு செய்தால் அரைகுறையாகச் செய்வான். தெரிந்தவன் மூன்று பிரதிகளில் கையெழுத்திட்டுச் செய்வான். நான் இரண்டாவது வகை.

தொண்ணூறுகளின் நடுவில், பினாங்கு பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியின் தலைமைக் கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, நான். எங்கள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவள் செல்வி. ஜெலுத்தோங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவாள். கீழ்மாடிக் கம்ப்யூட்டரில் இருந்த கோப்புகளை மேல்மாடியில் என் திரையிலும் தெரிய வைத்தாள். கீழே சர்வர் என்றொரு சாதாரண புரோகிராம் ஓடுமாம். நான் கேட்பதை எடுத்து நீட்டுமாம். நம்பாமல் இரண்டு முறை படியிறங்கிப் பார்த்தேன். அங்கேயும் இருந்தது, இங்கேயும் இருந்தது. வாயடைத்துப் போனேன்.

வாய்தான் அடைத்தது, கிராணி புத்தி அடைக்கவில்லை. ஒரே ஆவணம் இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்றை அழிக்க வேண்டும் என்பது அலுவலக விதி. (எழுதியவன் நானே.) மறுநாள் மதியம் அழிப்புப் படிவத்தை நிரப்பிவிட்டு, 'மேல்மாடிப் பிரதி'யை அழித்தேன். மாலையில் பட்டர்வொர்த்திலிருந்து புறப்படும் கப்பலின் சரக்குப் பட்டியல் அது. நான்கு மணிக்குள் சுங்கத்துக்குப் போகாவிட்டால் கப்பல் நகராது.

கீழிருந்து செல்வியின் அலறல் கேட்டது. ஓடினேன்.

"மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு நெனச்சீங்களா சார்? இருந்ததே ஒண்ணுதான் லா! நீங்க பாத்தது ஜன்னல் வழியா!"

"டேப்பில் எடுத்து வைக்கும் காப்புப் பிரதி?"

"போன வாரத்துது. இந்தப் பட்டியலே ரெண்டு நாளா அடிச்சது."

அப்போதும் விதிமுறை என்னைக் கைவிடவில்லை. "சரி, முறைப்படி மிஷினை நிறுத்தித் திரும்ப ஆரம்பிப்போம்" என்று சுவிட்சை நோக்கி விரலை நீட்டினேன்.

பட்டென்று என் கையில் ஓர் அடி.

"தொடாதீங்க சார்! சர்வர் இன்னும் அந்தப் பட்டியலத் தெறந்து வெச்சிருக்கு. நீங்க அழிச்சது பேரைத்தான். அது பிடிய விடற வரைக்கும் உள்ள இருக்கிறது சாகாது."

அவள் ஏதோ தட்டினாள். பெட்டி பெட்டியாக, எடை எடையாக, முழுப் பட்டியலும் திரையில் எழுந்து வந்தது. என்னையறியாமல் நிமிர்ந்து நின்றேன். தலைமைக் கிராணியே செத்தது என்று கையெழுத்திட்ட ஒன்றை, பதவியே இல்லாத ஒரு புரோகிராம், யாரிடமும் படிவம் கேட்காமல் இறுகப் பிடித்து வைத்திருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

கப்பல் புறப்பட்டது. செல்வி மட்டும் அத்தோடு விடவில்லை. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து, முறுக்கு தின்றுகொண்டே என் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

இப்போது நான் டிவி ரிமோட்டும் கையுமாகத் தூங்கிவிட்டால், அதை உருவ வரும் மகனை என் மனைவி தடுப்பாள்: "விடுடா. அப்பா இன்னும் பிடிச்சிக்கிட்டுத்தான் இருக்கார். அவர் பிடிய விடற வரைக்கும் நாடகம் சாகாது!"