ராயப்பன் தூர்த்த கடல்

"யோவ் வீராசாமி, கடல்லேர்ந்து கைய எடுய்யா!"

ராயப்பன் போட்ட சத்தத்தில் பெயின்டர் வீராசாமி பதறிப்போய்க் கையைப் பிடுங்கினார். நீலப் பிசின் நூல் நூலாகக் கையோடு வந்தது. கடலுக்கு நடுவில் ஐந்து விரலும் அச்சாகப் பதிந்துவிட்டன.

"காஞ்சிட்ச்சானு தொட்டுப் பாத்தேன், அண்ணாத்தே."

கடலைத் தூர்த்துக் கட்டப்போகும் சொகுசுக் கப்பல் துறைமுகத்தின் மாதிரி அது. அம்பத்தூர் எஸ்டேட் வாடகை ஷெட்டில், ஒரு கட்டில் அகலத்துக்கு, பத்தொன்பது நாளாகச் செய்தது. ராயப்பனுக்குக் கிடைத்த முதல் அரசாங்க ஆர்டர். இதுவும் கெட்டால் ஷெட்டை மூடிவிட்டு, மச்சினன் ஆன்சன் பார்த்துவைத்திருக்கும் வாட்ச்மேன் வேலைக்குப் போக வேண்டியதுதான். பதினோரு மணிக்கு இன்ஜினியரம்மா பார்க்க வருகிறார். இப்போதே ஒன்பது.

"மண்ணக் கொட்டி மூடிடலாம். எப்டியும் கடலத் தூத்துத்தானே கட்டப் போறாங்கோ? ஒரு கை மண்ணு ஜாஸ்தியானா இன்னா?" என்றார் வீராசாமி.

அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ராயப்பன் மண்ணைத் தூவினார். தலைக்கு மேல் ஃபேன் ஓடுவதை இருவருமே மறந்துவிட்டார்கள். பாதிக் கடலில் புழுதி அப்பிக்கொண்டது. துடைக்கத் துடைக்க இன்னும் மோசமானது. வேறு வழியில்லாமல் அந்தப் பாதியையும் தரையாக்கினார்கள்.

இப்போது கப்பல் தரையில் நின்றது.

"அத இந்தாண்ட நவுத்து."

வீராசாமி பிடுங்கியே விட்டார். கப்பல் இருந்த இடத்தில் பள்ளம்.

"இதுல இன்னாத்த வெக்கிறது?"

"லைட் ஹவுஸ் வெய்யி."

"துறைமுகத்துக்கு நடு சென்டர்லயா?"

"வெய்யின்றேன்ல!"

மார்க்கர் பேனா மூடி ஒன்று கலங்கரை விளக்கமானது.

அந்த நேரம் பார்த்து மனைவி ஞானகுமாரி போன் செய்தாள். "யூனிஃபார்ம் தைக்க ஆன்சன் இடுப்பளவு கேக்குறான்."

"அவன வேற வேல இருந்தா பாக்கச் சொல்லு!" என்று ராயப்பன் போனை வைத்தார்.

மிச்சக் கடலையாவது காயவைக்கலாம் என்று சூட்டுக் காற்று மெஷினைப் பிடித்தார்கள். கடல் கொதித்தது, குமிழி குமிழியாக வெடித்தது. வெடித்த இடத்தையும் மூடி கார் பார்க்கிங் ஆக்கினார்கள்.

பத்தே முக்காலுக்குக் கடல் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்திருந்தது. அதில் மூக்கை மட்டும் நனைத்துக்கொண்டு, குட்டையில் இறங்க யோசிக்கும் எருமை மாதிரி கப்பல் நின்றது.

ராயப்பன் சூட்டுக் காற்று மெஷினைக் கீழே வைத்தார். பத்தொன்பது நாள் உழைப்பு. வீட்டுக்குப் போன் போட்டார்.

"குமாரி... முப்பத்தெட்டுன்னு சொல்லிடு."

சொன்ன நேரத்துக்கு இன்ஜினியர் ஹெலினா வந்துவிட்டார். மாதிரியைப் பார்த்ததும் முகம் வெளுத்துப் போனது. அதை இரண்டு முறை சுற்றி வந்தார்.

"மேடம், ஒரு வாரம் டைம் குடுத்தீங்கன்னா..." என்று ராயப்பன் இழுத்தார்.

ஹெலினா காதில் அது விழவில்லை. கைப்பையிலிருந்து அரக்கு முத்திரை வைத்த உறை ஒன்றை எடுத்துப் பிரித்து, உள்ளேயிருந்த வரைபடத்தை மாதிரிக்குப் பக்கத்தில் விரித்தார். பேனா மூடி மேல் விரலை வைத்தார். வரைபடத்தில் அதே இடத்தில் விரலை வைத்தார். பிறகு போய் ஷெட்டின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தார்.

"லைட் ஹவுஸ் மொதக்கொண்டு அப்படியே இருக்கு. மினிஸ்டருக்கே இன்னும் காட்டாத ரெண்டாம் கட்ட பிளான், உங்க கைக்கு எப்படி சார் வந்துச்சு?"