நாலு பேருக்கு நாலு தட்டு

ஒரு மனிதனின் நிம்மதி அவன் வீட்டில் இருக்கும் தட்டுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்று நான் ஒரு காலத்தில் மனதார நம்பினேன். தட்டு குறையக் குறைய நிம்மதி கூடும். ஆளுக்கு ஒரு தட்டு என்ற நிலையை எட்டிவிட்டால் முக்தி. (சிரிக்காதீர்கள். இதை நம்பியபோது எனக்கு வயது ஐம்பத்தொன்று. அறியாப் பருவம் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை.)

எனக்குப் பெரம்பலூரில் மோட்டார் காயில் கட்டும் கடை. வீடு குரும்பலூரில். போர்வெல் மோட்டார் எரிந்துபோய் வருகிற விவசாயி யாரும் சிரித்துக்கொண்டு வருவதில்லை. "வெங்காயம் காயுதுண்ணே, இன்னைக்கே வேணும்ணே" என்று தலைமேல் நிற்பார்கள். அவர்கள் மோட்டாரோடு சேர்ந்து நானும் சூடாகி, ஒருநாள் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் பிரஷர் என்றார். உப்பைக் குறைங்க, டென்ஷனைக் குறைங்க என்றார். உப்பு எனக்கு உயிர். ஆகவே டென்ஷனைக் குறைக்கும் வழியைச் செல்போனில் தேடினேன்.

ஒரு வீடியோ வந்தது. வெள்ளை வெளேரென்று ஓர் அறை. அதில் ஒரு பாய், ஒரு தம்ளர், தொட்டியில் ஒரு செடி. நடுவில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முகத்தில், பரீட்சை ரத்தான பையனின் சாந்தம். வேண்டாததையெல்லாம் வீட்டைவிட்டு அனுப்பினால் மனபாரமும் கூடவே போய்விடும் என்றார். மூன்று முறை பார்த்தேன். அந்த அறைக்கு விருந்தாளி என்று ஒருவர்கூட வரவில்லை என்பதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில் என் மனைவி மல்லிகா, தங்கை மகளின் பிரசவத்துக்காகத் துறையூர் போயிருந்தாள். மூன்று வாரம். மகன் ஓசூரில் வேலை. மகள் பவித்ரா திருச்சியில் வேலை பார்த்துக்கொண்டு ஹாஸ்டலில் இருந்தாள், சனிக்கிழமை மட்டும் வருவாள். ஆக, வீட்டில் நானும் என் ஞானமும்தான்.

கணக்கு எளிது. நாலு பேர் குடும்பம். நாலு தட்டு, நாலு தம்ளர், நாலு கரண்டி, ஒரு குக்கர், ஒரு சட்டி. மீதியை வாசலில் வரிசையாக அடுக்கி, "வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்" என்று அட்டையில் எழுதி வைத்தேன்.

முதல் நாள் ஒருவரும் தொடவில்லை. தெருவே எதிர் ஓரமாக ஒதுங்கிப் போனது. எதிர்வீட்டுக் கண்ணகிதான் கடைசியில் வேலிக்கு அப்பால் நின்று கேட்டது.

"ஏண்ணே, செய்வினை ஏதும் கழிக்கிறீங்களா?"

"இல்லம்மா. மன நிம்மதிக்காகக் குடுக்குறேன்."

"சத்தியமா?"

சத்தியம் செய்தேன். அரை மணி நேரத்தில் வாசல் காலி. பெரிய குண்டான் கண்ணகிக்கு. ஆறு நாற்காலிகள் பக்கத்து வீட்டு ராமலிங்கம் அண்ணனுக்கு (அவர் ரிட்டயர்டு கண்டக்டர்). இருபத்திரண்டு தட்டுகளும் தம்ளர்களும் தெரு முழுக்க.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பாத்திரக் கடையில் பெயர் வெட்டித் தருவது இலவசம் என்றால் நான் விடமாட்டேன். தட்டு முதல் தாளிக்கும் கரண்டி வரை "சி.கலியபெருமாள், குரும்பலூர்" என்று வெட்டி வைத்திருந்தேன். நாற்காலிகளின் முதுகில்கூட, கடையிலிருந்த சிவப்பு வார்னிஷால் கொட்டை எழுத்தில் "சி.க." என்று நானே எழுதியிருந்தேன்.

சனிக்கிழமை வந்த பவித்ரா, கூடத்தின் நடுவில் தொட்டிச் செடியோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள்.

"அப்பா, அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல. சர்ப்ரைஸ்."

"நான் இன்னைக்கே ஹாஸ்டலுக்குத் திரும்பிப் போயிடட்டுமா?"

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மல்லிகா வந்தாள். வாசற்படியில் நின்று உள்ளே பார்த்தாள். பை கையிலிருந்து நழுவியது.

"ஐயையோ, திருட்டு போயிடுச்சே!"

"திருட்டு இல்ல மல்லி. நான்தான் எல்லாத்தையும் குடுத்துட்டேன்."

அவள் அடுப்படியைப் பார்த்தாள். அலமாரியைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அதுக்குத் திருடனே வந்திருக்கலாம். அவன் டிவிய மட்டும் எடுத்துட்டுப் போயிருப்பான்."

அதற்குமேல் அவள் ஏதோ சொல்ல மூச்சை இழுத்தாள். (அப்படி அவள் இழுத்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் ஸ்டார்ட் ஆகும்முன் ஒரு முனகல் கேட்குமே, அது.) அந்த நேரத்தில் போன் அடித்தது.

மீன்சுருட்டியிலிருந்து மாப்பிள்ளையின் அத்தை.

ஒரு மாதம் முன்பு அவர்கள் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பையனுக்கும் பவித்ராவுக்கும் பிடித்துவிட்டது. ஆனால் எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் வந்து கை நனைத்தால்தான், அதாவது உட்கார்ந்து சாப்பிட்டால்தான், சம்பந்தம் உறுதி. அதுவரை தண்ணீரோடு சரி. வந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனால் கதை அதோடு முடிந்தது.

"அண்ணே, நாங்க ஜெயங்கொண்டம் தாண்டிட்டோம். ஆடி பொறந்துட்டா நல்ல காரியம் பேச முடியாதுல்ல? அதான் இன்னைக்கே கை நனைச்சிட்டுப் போயிடலாம்னு கெளம்பிட்டோம். ஆடம்பரம் ஒண்ணும் வேணாம். ஒரு சாம்பாரு, ஒரு பாயசம் போதும். பன்னெண்டு பேருதான்."

"வாங்க வாங்க, சந்தோஷம்" என்று யாரோ சொன்னார்கள். என் குரல்தான்.

போனை வைத்ததும் மூன்று பேரும் அடுப்படிக்குப் போய் நாலு தட்டைப் பார்த்தோம். நாலு தட்டும் எங்களைப் பார்த்தன. பவித்ராவின் கண்ணில் தண்ணீர் முட்டியது. மல்லிகா இழுத்த மூச்சை அப்படியே விழுங்கினாள்.

"உங்ககிட்ட பேச வேண்டியத சாயங்காலம் பேசுறேன். இப்ப எலை வாங்கிட்டு வாங்க."

இலைக்கு ஓடினேன். ஆனியின் கடைசி முகூர்த்த நாள். குரும்பலூரில் இருந்த வாழை மரமெல்லாம் மொட்டையாக நின்றன. வெறுங்கையோடு திரும்பிய என்னை மல்லிகா பார்த்த பார்வைக்கு ஒரே அர்த்தம்தான். குடுத்தவன் நீ, போய்க் கேள்.

ராமலிங்கம் அண்ணன் என் நாற்காலியில் உட்கார்ந்து, என்னுடைய இன்னொரு நாற்காலியில் கால் நீட்டியிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"குடுத்தத திருப்பிக் கேக்குறியா, இரவல் கேக்குறியா? தெளிவா சொல்லு தம்பி." (முப்பது வருடம் பஸ்ஸில் சில்லறை கேட்ட குரல்.)

"இரவல்தாண்ணே. ரெண்டு மணி நேரம்."

"அப்ப நானும் வரேன். எங்க வூட்டு நாற்காலி ஆளில்லாம தனியா எங்கயும் போனதில்ல."

அங்கே ஆரம்பித்தது வினை. ஒவ்வொரு வீட்டிலும் தட்டைக் கேட்டால், தட்டோடு ஆளும் கிளம்பியது. "மாப்பிள்ளை வூட்டுக்காரங்களா? இருங்க, சேலை மாத்திட்டு வரேன்." தெரு முனைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் ஒரு ஊர்வலம். ஆளுக்கொரு தட்டு கையில். ஏதோ பஞ்ச நிவாரணத்துக்குப் போகிற கூட்டம் போல இருந்தது.

கண்ணகி மட்டும் தயங்கியது. "குண்டான்ல லட்சுமிக்குப் புண்ணாக்கு ஊற வெச்சிருக்கேனேண்ணே." லட்சுமி என்பது கண்ணகியின் மாடு. நானே புண்ணாக்கை ஒரு வாளியில் கொட்டினேன். லட்சுமி என்னை நிமிர்ந்து பார்த்தது. அந்த முகத்தை மறக்க முடியாது. கொடுத்ததைப் பிடுங்குகிறவன் என்று அது எழுதி வைத்துக்கொண்டது.

குண்டானைப் புளி போட்டு மூன்று முறை தேய்த்தோம். அரியலூரிலிருந்து போன்: "சுண்ணாம்புக்கல் லாரி வரிசையா போவுதுண்ணே, கொஞ்சம் நேரமாவும்." வாழ்நாளில் முதன்முறையாக அந்த லாரிகளை வாயார வாழ்த்தினேன். தெருப் பெண்கள் எல்லாரும் அடுப்படியில் இறங்கியிருந்தார்கள். சாம்பார் கொதித்தது. குண்டானில் வெல்லப் பாயசம். நான் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை. ஒரு கட்டத்தில் தொட்டிச் செடியைத் தூக்கிக்கொண்டு வீட்டை மூன்று சுற்றுச் சுற்றியதாகப் பவித்ரா சொல்கிறாள்.

வேன் வந்தது. பன்னிரண்டு பேர் என்றால் எங்கள் பக்கத்தில் பதினேழு பேர். இறங்கினார்கள். அத்தை முதலில் வீட்டை ஒரு நோட்டம் விட்டார்.

"என்னண்ணே, வூடு இப்படித் தொடச்சு வெச்ச மாதிரி இருக்கு?"

"வெள்ளையடிக்கப் போறோம்க்கா. அதான் சாமானெல்லாம் ஒதுக்கி வெச்சிருக்கோம்."

"எப்ப அடிக்கிறீங்க?"

"ஆவணியில."

பையனின் அப்பா, மெலிந்த மனிதர், வாயே திறக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவரின் தோளைத் தொட்டு ராமலிங்கம் அண்ணன் சொன்னார்: "நல்லா சாஞ்சு உக்காருங்க. நம்ம வூட்டு நாற்காலிதான்."

பந்தி போட்டோம். தட்டு வைத்துச் சோறு பரிமாறினோம். அத்தை முதல் கவளத்தைக் கையில் எடுத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் பக்கத்தில் நின்ற ஒரு பெண், "அந்தத் தட்டு எங்க வூட்டுதுக்கா, சோத்த வழிச்சுச் சாப்பிட வசதியா இருக்கும்" என்றது. அத்தை கவளத்தைக் கீழே வைத்துவிட்டுத் தட்டின் விளிம்பைப் பார்த்தார். பக்கத்துத் தட்டைப் பார்த்தார். தம்ளரைத் தூக்கிப் பார்த்தார். எழுந்து போய் நாற்காலியின் முதுகையும் பார்த்தார்.

அதே நேரம் வாசலில் பெரிய சத்தம். கயிற்றை அறுத்துக்கொண்டு லட்சுமி வந்து நின்றது. கூடத்துக்குள் தலையை நீட்டி, பாயசக் குண்டானைப் பார்த்து "ம்ம்மா" என்றது.

"ஏய், போடி! இன்னைக்கு அது அவங்களுக்கு!" என்று கண்ணகி கத்தியது.

வீடு அமைதியானது. வீடியோவில் பார்த்த அதே அமைதி. அத்தை இடுப்பில் கை வைத்தார்.

"பாத்திரம் பூரா உங்க பேரு வெட்டியிருக்கு. ஆனா ஆளாளுக்கு எங்க வூட்டுதுங்கறாங்க. இப்ப மாடும் வந்து எங்க வூட்டுதுங்குது. என்னங்க நடக்குது இங்க?"

மல்லிகாவைப் பார்த்தேன். அவள் விட்டத்தைப் பார்த்தாள். பவித்ரா அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று, துப்பட்டா முனையைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் பொய் வரவில்லை. பிரஷர், வீடியோ, செடி, நாலு தட்டு, புண்ணாக்கு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். குண்டானை மூன்று முறை தேய்த்ததை மட்டும் ஐந்து முறை என்றேன்.

அத்தை இடுப்பிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "வேணாம்னு தோணுனா எல்லாத்தையும் வாசல்ல வெச்சிருவீங்க. நாளைக்கு எங்க பையன வேணாம்னு தோணுனா?" என்றார்.

பதினேழு பேரும் தட்டில் கை வைக்காமல் என்னைப் பார்த்தார்கள். யாரும் சாப்பிடவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது.

அப்போது, வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாத பையனின் அப்பா தொண்டையைச் செருமினார்.

"எங்க வூட்ல நாலு பீரோ. மூணுக்குச் சாவி கெடையாது. உள்ள என்ன இருக்குன்னே யாருக்கும் தெரியாது. நான் படுக்கிற கட்டிலுக்குப் பக்கவாட்டுலதான் போவணும், அவ்வளவு சாமான்." அக்காவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். "ஒரு நா வந்து எங்க வூட்டயும் பாருங்களேன், சம்மந்தி."

சொல்லிவிட்டு, சாம்பாரை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டார்.

சம்மந்தி என்று அவர் சொன்னதைத் தெருவே கேட்டது. அத்தை தம்பியை முறைத்தார். பிறகு உட்கார்ந்தார். "அதான் நனைச்சிட்டானே" என்று முணுமுணுத்தபடி சாப்பிட ஆரம்பித்தவர், பாயசம் மட்டும் மூன்று தம்ளர் குடித்தார். மாட்டுக்கும் ஒரு தம்ளர் ஊற்றச் சொன்னார்.

சாயங்காலம் வேன் கிளம்பியதும் தெரு கலைந்தது. அவரவர் தட்டை அவரவர் கழுவி எடுத்துக்கொண்டார்கள். ராமலிங்கம் அண்ணன் ஆறு நாற்காலியையும் எண்ணிப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போனார். கதவைச் சாத்திவிட்டு, மல்லிகா காலையில் விழுங்கிய மூச்சை வெளியே விட்டாள். அதை இங்கே எழுத முடியாது. எட்டு மணி வரை நடந்தது.

இன்றும் மாப்பிள்ளை வந்து சாப்பிட உட்கார்ந்தால், முதலில் தட்டைத் தூக்கிப் பார்ப்பார். "மாமா, இது நம்ம தட்டா, லட்சுமியோடதா?" என்பார். என் பேத்திக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. அதுவும் தட்டைத் தூக்கிப் பார்க்கிறது.

கல்யாணத்துக்குத் தெருவே வந்தது. வந்தவர்கள் சும்மா வரவில்லை. ஆளுக்கொரு பரிசுப் பொட்டலம் கொண்டுவந்தார்கள். பிரித்துப் பார்த்தால், "சி.கலியபெருமாள், குரும்பலூர்" என்று வெட்டியிருந்த தட்டில், அதற்குக் கீழே அவரவர் பெயரையும் வெட்டியிருந்தார்கள். மீன்சுருட்டிச் சம்மந்தியும் ஒரு பீரோவை வேனில் ஏற்றி அனுப்பியிருந்தார். சாவி இல்லை.

கதையைக் கேள்விப்பட்ட சொந்தக்காரர்களும் தட்டாகவே கொடுத்ததில், இப்போது எங்கள் வீட்டில் தட்டுகள் எண்பத்து மூன்று. சாப்பிடுவது இரண்டு பேர்.