வெள்ளரிக்காயில் ஒரு மாங்காய் ஊறுகாய்

திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு, இருநூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்தில் குடித்தனம் நடத்திய ஒரே ஆள் இந்த உலகத்தில் என் அறைத் தோழியாகத்தான் இருக்க முடியும். காலையில் எங்களோடு வரிசையில் நின்று உப்புமா வாங்குவாள். மனசு மட்டும் யாரோ ஒரு துரைசானியின் அடுப்படியில் வெண்ணெய் உருக்கிக்கொண்டிருக்கும். ஹாஸ்டலில் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் ‘பதினெட்டாம் நூற்றாண்டு’. அவ்வளவு நீளமாகக் கூப்பிடுவதற்குள் பஸ் போய்விடுகிறது என்று ‘பதினெட்டு’ ஆக்கினோம். சமையல்கார அஞ்சலை மட்டும் மரியாதை குறையாமல் ‘பதினெட்டம்மா’ என்பாள்.

அந்தப் பைத்தியம் அவளைப் பிடித்த நிமிஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மின்சாரம் இல்லாத நேரம். திருவூடல் தெரு பக்கம் இருந்த எங்கள் விடுதியின் மாடி அறையில் நான் விசிறிக்கொண்டு படுத்திருந்தேன். அவள் ஒரு தடிப் புத்தகத்தோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பகலில் ஒரு டுடோரியலில் சரித்திரப் பாடம் நடத்திக்கொண்டே எம்.பில். படித்தவள் அவள். ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்குத் தமிழும் சொல்லிக் கொடுத்துவந்தாள். அந்த அம்மா எல்லாவற்றையும் துறக்க வந்தவர். வரும்போது ஏனோ ஒரு சமையல் புத்தகம் கொண்டுவந்திருக்கிறார். ஊர் திரும்பும்போது அதையும் துறந்து இவள் கையில் கொடுத்துவிட்டார். இங்கிலாந்து வீடுகளில் அந்தக் காலத்துப் பெண்கள் எப்படிச் சமைத்தார்கள் என்று சொல்லும் புத்தகம்.

திடீரென்று ஒரு கத்தல்.

“ஏய் கெமிஸ்ட்ரி! இங்க பாருடி! துணியில மூட்டையா கட்டி, கொதிக்கிற தண்ணியில போட்டு அஞ்சு மணி நேரம் வேக வெக்கிறாங்க!”

“ஐயையோ, யார?”

“மாவைடி!”

கெமிஸ்ட்ரி என்பது நான். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக உட்கார்ந்திருந்தேன். படித்த படிப்புக்கு வேலை இல்லாமல் கை எப்போதும் துறுதுறுவென்றிருக்கும். அவள் “செஞ்சு பாக்கலாமா?” என்று கேட்டு முடிப்பதற்குள் நான் செருப்பு மாட்டிக்கொண்டு மாவு வாங்கக் கிளம்பியிருந்தேன்.

அதற்குப் பெயர் புட்டிங். மாவு, திராட்சை, சர்க்கரை, மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கொழுப்பு, முட்டை. எங்கள் விடுதியில் முட்டைக்கே இடமில்லை. கொழுப்பைப் பற்றி வாயைத் திறந்தால் எங்களுக்கே இடமில்லை. கொழுப்புக்குப் பதில் வனஸ்பதி என்று நான் யோசனை சொன்னேன். முட்டையை அவள் கணக்குப் போட்டே ஒழித்தாள். பெரிய குடும்பத்துக்கு எட்டு என்று போட்டிருந்தது. இரண்டு பேருக்கு ஒன்று. ஒன்றை யார் கவனிக்கப் போகிறார்கள், விட்டுவிடலாம் என்று முடித்தாள். துணிக்கு அஞ்சலையின் இட்லித் துணியைக் கேட்டோம்.

“இட்லித் துணியில கட்டி வேக வெச்சா அது இட்லிதானே? அதுக்கு எதுக்கு இங்கிலாந்து வரைக்கும் போவணும்?” என்றாள் அஞ்சலை.

பாத்திரம்தான் கிடைக்கவில்லை. மூட்டை முழுகுகிற அளவுக்கு விடுதியில் இருந்தது ஒன்றே ஒன்று: பின்கட்டில் இருந்த வெந்நீர் அண்டா. விடிகாலையில் அஞ்சலை விறகு மூட்டியதும் யாருக்கும் தெரியாமல் மூட்டையை உள்ளே இறக்கினோம். மாவு உப்பும், அதனால் முடிச்சைத் தளர்வாகப் போடு என்று புத்தகம் சொல்லியிருந்தது. அவள் ரொம்பவும் கீழ்ப்படிந்துவிட்டாள்.

ஆறரை மணிக்குக் குளியலறையிலிருந்து வார்டன் அம்மாவின் குரல் கோபுரத்துப் புறாக்களைக் கிளப்பியது. “தண்ணியில இன்னாடி திராட்ச?”

வெளியே வந்தபோது அவர் கூந்தலில் கஞ்சி. காதோரம் ஒரு திராட்சை, கம்மல் மாதிரி. பதினெட்டு பக்கத்தில் போய் அதை எடுத்துப் பார்த்து, “நல்லா வெந்திருக்கு மேடம்” என்றாள். அன்று சாயங்காலம் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஏறியது. ‘வெந்நீர் அண்டாவில் இனி வெந்நீர் மட்டுமே வைக்கப்படும்.’ அந்தக் காகிதம் இன்றும் இருக்கிறது.

இதோடு அவள் நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டியதில்லை. எம்.பில். ஆய்வுக்கே இதைத் தலைப்பாக எடுத்துக்கொள்கிறேன் என்று மெட்ராஸில் இருந்த தன் வழிகாட்டிப் பேராசிரியருக்கு எழுதிப் போட்டாள். பதில் ஒரு கார்டில் வந்தது. ‘இங்கிலாந்தின் அடுப்படிக்கும் திருவண்ணாமலைக்கும் என்ன சம்பந்தம்? பேசாமல் உங்கள் பக்கத்து ஏரிகளைப் பற்றி எழுது. சித்ரா பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறேன். அன்று நேரில் பேசி முடித்துவிடலாம்.’

அந்த மாதத்துக்குள் தலைப்பில் கையெழுத்து விழாவிட்டால் பதிவே ரத்து. இரண்டு வருஷம் பாழ். அவள் அப்பா வேறு, “படிச்சது போதும், ஊருக்கு வா” என்று வாரம் தவறாமல் எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் கார்டைப் புத்தகத்துக்குள் செருகி வைத்துக்கொண்டு அவள் இரண்டு நாள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். மூன்றாம் நாள் புத்தகத்தோடு வந்து என் கட்டிலில் குதித்தாள்.

“கெடச்சிடுச்சுடி! சம்பந்தம் கெடச்சிடுச்சு!”

கப்பலில் இந்தியாவிலிருந்து மாங்காய் ஊறுகாய் ஜாடி ஜாடியாக இங்கிலாந்துக்குப் போயிருக்கிறது. தின்றவர்களுக்கு நாக்கு ஊறியது. மாங்காய்க்கு எங்கே போவது? வெள்ளரிக்காயைப் பிளந்து, விதையைச் சுரண்டி, கடுகும் பூண்டும் இஞ்சியும் அடைத்து, நூலால் கட்டி, கொதிக்கிற வினிகரை ஒன்பது நாள் ஊற்றி ஊற்றி, அதற்கு ‘மாங்காய்’ என்றே பெயரும் வைத்துவிட்டார்கள்.

“இதப் போட்டு சாருக்குக் குடுக்கப் போறேன்” என்றாள்.

சித்திரை மாசம். அடி அண்ணாமலைப் பக்கத்துத் தோப்புகளிலிருந்து கூடை கூடையாக மாங்காய் வந்து தேரடியில் குவிந்திருக்கிறது. இவள் அந்தக் குவியலைத் தாண்டிப் போய் வெள்ளரிக்காய் வாங்கிவந்தாள். வினிகருக்கு வேலூருக்கு பஸ் ஏறினாள். நான் படித்த காலேஜ் லேபில் அசெட்டிக் அமிலம் இருக்கிறது, தண்ணீர் கலந்தால் அதேதான் என்று நான் சொன்னதற்கு, “சாரக் கொல்லப் பாக்கிறியா?” என்றாள். இங்கிலாந்தில் போடுகிற ஒருவகைக் காரக் கிழங்குக்குப் பதிலாக முள்ளங்கி சேர்த்தோம். எங்களுக்கு அடுப்பு தடை என்பதால், தினமும் வினிகரைக் கொதிக்க வைக்கிற வேலை அஞ்சலை தலையில் விழுந்தது. ஒன்பது நாளும் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு முணுமுணுத்தாள்.

“மாங்காயே ஜாஸ்தியா கெடக்கிற ஊர்ல, வெள்ளரிக்காய மாங்கான்னு போடுறது இன்னா வேலைம்மா இது? மெட்ராஸ்ல இருந்து பெரிய மனுசர் வராரு. நம்ம ஹாஸ்டலு மானம் இன்னா ஆவுறது?”

நாங்கள் கவனித்திருக்க வேண்டிய பேச்சு அது. கவனிக்கவில்லை.

பௌர்ணமிக்கு மறுநாள் காலை பேராசிரியர் வந்தார். மலையைச் சுற்றிய பாதத்தில் கொப்புளம் போட்டிருந்தது. பார்வையாளர் அறையில் வார்டன் அம்மா அவருக்கு நாற்காலி போட்டு, தண்ணியில் திராட்சை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குடிக்கக் கொடுத்தார். அஞ்சலை தயிர்சாதமும், பக்கத்தில் நறுக்கிய ஊறுகாயும் வைத்தாள். பதினெட்டு வெள்ளரிக்காய் மாங்காயான கதையைச் சொல்லி முடித்தாள். கையில் தலைப்புப் படிவம்.

பேராசிரியர் ஒரு துண்டை வாயில் போட்டார். கண்ணை மூடினார். திறந்தார்.

“என்னம்மா இது, அபாரம்! இதுவா வெள்ளரிக்கா? அப்படியே மாங்காயேதான்!”

இன்னொரு துண்டு. கடக்கென்று ஒரு சத்தம். வாயிலிருந்து எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அடேயப்பா! கொட்டையைக்கூட விடாம செஞ்சிருக்காங்களே! இந்தக் கொட்டையோட ஓடு எதுல பண்ணாங்க?”

பதினெட்டு தட்டைக் குனிந்து பார்த்தாள். ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. பேராசிரியரோ படிவத்தை இழுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்துவிட்டார். நான் அவள் காலை அழுத்தி மிதித்தேன். பேசாமல் இரு என்பதற்கு அதைவிடத் தெளிவான தமிழ் கிடையாது.

“சார், இது மாங்கா” என்றாள் அவள்.

“அதத்தானே நானும் சொல்றேன்.”

“இல்ல சார். நெஜம்மாவே மாங்கா. மரத்துல காய்க்குமே, அந்த மாங்கா.”

கதவுக்குப் பின்னாலிருந்து அஞ்சலை கையைப் பிசைந்துகொண்டு வந்தாள். “நாந்தாங்க மாத்தி வெச்சேன். மிச்ச மசாலாவ அடைச்சு, அதே வினிகரு ஊத்தி, பக்கத்துலயே ஒரு ஜாடி நல்ல மாங்காயா போட்டேங்க. பதினெட்டம்மா பாஸாவணும்னுதான்.”

பேராசிரியர் பேனாவை மூடினார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. பதினெட்டு சமையலறைக்குப் போய், உண்மையான வெள்ளரிக்காய் ஜாடியைக் கொண்டுவந்து, நூலைப் பிரித்து ஒரு துண்டு வைத்தாள்.

அவர் தின்றார். அவருடைய முகம் மலையைச் சுற்றியிருக்கும் எட்டு லிங்கத்துக்கும் போய்விட்டுத் திரும்பியது.

“இதுல மாங்காய் வாசனைகூட இல்லையேம்மா.”

“இல்லதான் சார். இத எழுதின அம்மா மாங்காயக் கண்ணால பாத்திருப்பாங்களான்னே சந்தேகம். எங்கியோ ஒரு தடவ ருசி பாத்திருப்பாங்க. அத மறக்க முடியாம, ஒன்பது நாள் அடுப்படியில நின்னிருக்காங்க. அவங்க நம்மள ஆண்ட கதைய எல்லாரும் எழுதிட்டாங்க. நம்ம ஊறுகாய்க்கு ஏங்கின கதைய யாரு சார் எழுதுறது?”

பேராசிரியர் வெள்ளரிக்காயில் இன்னொரு துண்டை எடுத்து, இந்தத் தடவை மெதுவாக மென்றார். பிறகு பேனாவைத் திறந்தார்.

“ஏரி எங்கயும் ஓடிடாது. இதை எழுது” என்று கையெழுத்துப் போட்டவர், அஞ்சலையைப் பார்த்து, “அந்த நெஜ மாங்காய்ல ரெண்டு துண்டு வையும்மா. வாய் சரியாகணும்” என்றார்.

எழுதி முடித்தாள். அதைக் காட்டி உதவித்தொகை வாங்கி, போன வருஷம் இங்கிலாந்துக்கே போய்விட்டாள், பழைய வீட்டுக் குறிப்பேடுகளைப் படிக்க. போன வாரம் அவளிடமிருந்து நீல நிறக் கடிதம் ஒன்று வந்தது. நாலு பக்கமும் குளிரைப் பற்றித் திட்டிவிட்டு, கடைசியில் மடிப்பு ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தாள்: ‘நான் இருக்கிற ஊரில் மாங்காய் கிடைக்கவில்லை. நேற்று வெள்ளரிக்காய் வாங்கிவந்து கட்டி வைத்திருக்கிறேன். இது ஆராய்ச்சிக்காக இல்லை, கெமிஸ்ட்ரி.’

அஞ்சலையிடம் படித்துக் காட்டினேன். “அட பாவமே, போஸ்டுல ஒரு ஜாடி போவாதா?” என்று கேட்டுவிட்டு, ரொம்ப நேரம் ஏற்கெனவே துலக்கிய பாத்திரத்தையே துலக்கிக்கொண்டிருந்தாள்.

வரப்போகிற ஞாயிற்றுக்கிழமை நான் மறுபடியும் அந்த புட்டிங்கைச் செய்யப்போகிறேன். வார்டன் அம்மா தானாகவே ஒரு பெரிய குண்டான் தந்திருக்கிறார், அண்டா பக்கமே போகக் கூடாது என்ற நிபந்தனையோடு. புதுத் துணி வாங்கியாயிற்று. முடிச்சு அவிழாமல் வெந்தால் அவளுக்கு ஒரு கடிதம் எழுதுவேன். அவிழ்ந்துவிட்டால் அன்றைக்கே எழுதுவேன்.